ஸ்விட்சுக்கு நேர் மேலே

மாஸ்டருக்குக் கோணல் என்றால் ஆகாது. தையல்காரர்களில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. இவருக்குக் கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. சுவரில் காலண்டர் விரல்கடை சாய்ந்து தொங்கினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலர் ஒரு பக்கம் தூக்கியிருந்தால், இறங்கும்வரை அதையே முறைத்துக்கொண்டு வருவார். கடைத்தெருவில் அவருக்கு 'நேர்கோடு' என்று ஒரு பெயர் உண்டு. அதை முகத்துக்கு நேரே சொல்லிப் பார்க்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. கோபம் அவருக்கு மூக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அடிக்கிற ஆள் இல்லை, பாவம். யார் மேலும் ஒரு நாளும் கை வைத்தது கிடையாது. எல்லாம் அந்தக் குரல்தான். அவர் ஒரு சத்தம் போட்டால் எதிர்க்கடைக்காரர் போனில் பேசுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்.

வீட்டில் ரேக் மாட்டியதும் இந்த நேர்கோட்டு வியாதியால்தான் வினையானது.

மகளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அது முடிந்து டியூஷனுக்கும் சைக்கிளில்தான் போய் வருவாள். மாடிப்படிக்கு அடியில் நிறுத்திய சைக்கிள்கள் அடிக்கடி காணாமல் போகவே, அவளுடையதைத் தினமும் மாடிக்குத் தூக்கி வந்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் என்றால் எங்கே? கதவைத் திறந்ததும் வருகிற ஒடுக்கமான நடையில்தான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய இடம் அது. மாஸ்டரின் மனைவிக்கு அந்த சைக்கிள் பெடல் இடித்து இடித்து முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஒரு நீலம் இருக்கும். அதனால்தான் சுவரில் பொருத்துகிற ரேக் ஒன்றை மாஸ்டரே போய் வாங்கி வந்தார். ஒரு இரும்புத் தகடு, அதிலிருந்து நீளும் ஒரு கொக்கி, அவ்வளவுதான். முன்சக்கரத்தின் விளிம்பைக் கொக்கியில் மாட்டினால் சைக்கிள் செங்குத்தாகச் சுவரோடு தொங்கும். நடையும் காலியாகிவிடும்.

எங்கே மாட்டுவது என்று பேச்சு வந்தபோது குட்டி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "இங்க வைக்கலாம்பா. தூக்கறதுக்கு எனக்கு ஈஸியா இருக்கும்."

"அங்க வெச்சா பார்க்க சகிக்குமா?" என்றார் மாஸ்டர். "சுவர்ல ஒரு ஸ்விட்சு இருக்கு. அது ஒரு பக்கம், ரேக்கு ஒரு பக்கம்னு தொங்கினா சட்டையில பட்டனை மாத்திப் போட்ட மாதிரி இருக்கும். எல்லாம் ஒரே கோட்டுல வரணும்."

நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டார். ஸ்விட்சின் நடுமையத்திலிருந்து மேலே தையல்சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார். என்ன நேர்த்தியான கோடு! அவரே இரண்டடி பின்னால் போய் நின்று ரசித்தார். பெட்டிக்குள் இருந்த தாளில் துளை போடும் முன் கவனிக்க வேண்டியது என்று ஏதேதோ இருந்தது. படத்தைப் பார்த்தாலே புரியும்போது எழுத்து எதற்கு என்று அதை மடித்து வைத்துவிட்டார். இரவல் வாங்கிய டிரில்லை அந்தக் கோட்டின் மேலேயே வைத்து அழுத்தினார். கீழ்த்துளை போடும்போது மட்டும் உள்ளே எதுவோ வழுக்கியது போலிருந்தது. செங்கல் சந்தாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பிறகு திருகாணிகளை முறுக்கி, கொக்கியைப் பிடித்துத் தொங்கியும் காட்டினார். அசையவில்லை.

"இனிமே வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் முதல் வேலை சைக்கிளை மாட்டறது. சுவர்ல சாய்ச்சு வைக்கற கதையே கூடாது" என்று சட்டமும் போட்டார்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி வேலை முடிந்து வந்தாள். ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. ஈர மழைக்கோட்டை அந்தக் கொக்கியில் போடப் போனவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க, இது சுர்ருங்குதுங்க."

"சுர்ருங்கறதுக்கு அது என்ன பாம்பா?" மாஸ்டரின் குரல் ஏற ஆரம்பித்தது. "நைலான் கோட்டு. உரசினா அப்படித்தான் இருக்கும். நாள் முழுக்கக் கை ஒடிய ஒருத்தன் வேலை செஞ்சா, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வருதா இந்த வீட்டுல? வந்ததும் வராததுமா நொட்டை!"

அவள் கோட்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ரேக்கைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே ஒரு நாள், சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னாலேயே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கடையில் விளக்கைப் போட வேண்டியதாயிற்று. கடையில் மாஸ்டருடன் இன்னொரு ஆள் உண்டு. பட்டன் துளைக்குக் காஜா எடுப்பது, பட்டன் தைப்பது, ஓரம் மடிப்பது எல்லாம் அந்த அம்மாள்தான். காஜா அக்கா என்று பெயரே நிலைத்துவிட்டது. அவள் அன்று ஒரு பேன்ட்டை மேசைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரிக்கிற வேலையை யாரும் மேசைக்கு அடியில் செய்வதில்லை.

"என்னக்கா அது?"

"ஒண்ணும் இல்லை மாஸ்டர்."

மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். பாக்கெட்டுக்குள் கை நுழையவில்லை. மேலே ஓட்டிய தையல் நூல் பிடித்தாற்போல நேராகத்தான் இருந்தது. ஆனால் அடியில் கிடந்த பாக்கெட் துணியும் அதோடு சேர்ந்து தைக்கப்பட்டு, பாக்கெட்டின் வாயே மூடிக்கொண்டிருந்தது.

மாஸ்டரின் குரல் எகிறியது. "மேல நேரா இருக்கான்னு பார்த்தா மட்டும் போதுமாக்கா? அடியில என்ன ஓடுதுன்னு தடவிப் பார்க்க வேணாமா? இத்தனை வருஷமா இதைத்தானே கத்தறேன்! தெரியாத இடத்துல ஊசியை இறக்கினா உள்ள இருக்கறதையும் சேர்த்துக் குத்திக்கிட்டுத்தான் போகும்!"

எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். காஜா அக்கா தலையைத் தூக்கவில்லை. அடுத்த வசவுக்காக அவள் காத்திருந்தாள். அது வரவில்லை.

மாஸ்டர் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை பேன்ட்டில் இல்லை. கடைச் சுவரில் இருந்தது. கடையில் ஒயரிங் எல்லாம் சுவருக்கு வெளியேதான். மேல்கூரையிலிருந்து ஒயரை மூடிய ஒரு பிளாஸ்டிக் பட்டை இறங்கி, நேராக, வளைவு நெளிவு இல்லாமல், ஸ்விட்சின் நடுமையத்துக்கு வந்து சேர்ந்தது. அவரே சுண்ணாம்பால் போட்ட கோடு மாதிரி இருந்தது.

"அக்கா" என்றார். குரல் எங்கேயோ போய்விட்டது. "ஸ்விட்சுக்குக் கரண்ட் எங்கேருந்து வரும்?"

இதிலும் ஏதோ திட்டு ஒளிந்திருக்கிறது என்று நினைத்து அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மேலேருந்துதான் மாஸ்டர். நேரா."

வீட்டில் ஒயர் வெளியே தெரியாது. சுவருக்கு உள்ளே ஓடுகிறது. நேர் மேலே ஓடுகிறது. அதன் மேலேயே கோடு போட்டு, அதன் மேலேயே துளை போட்டு, கீழ்த்துளையில் வழுக்கியபோது இன்னும் கொஞ்சம் அழுத்தி, இரும்பு ஆணியை இறக்கி, அதில் இரும்புக் கொக்கியை மாட்டி, அந்தக் கொக்கியில் பெற்ற பெண்ணைத் தினமும் கை வைக்கச் சொல்லியிருக்கிறார். சுர்ருங்குதுங்க என்று மனைவி சொன்னாள். நைலான் என்று இவர் சொன்னார்.

வெளியே முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. பிறகு மழை ஒரே கொட்டாகக் கொட்டியது.

குட்டி டியூஷன் முடிந்து கிளம்பும் நேரம். குடை கொண்டு போகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. தொப்பலாக நனைந்து வருவாள். நனைந்த கையோடு, நனைந்த சைக்கிளைத் தூக்கி, வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக... மாஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

குட்டிக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் அடித்துக்கொண்டே இருந்தது. சைக்கிள் ஓட்டும்போது அவள் போனைப் பைக்குள் போட்டுவிடுவாள். அதுவும் இவர் போட்ட சட்டம்தான். மனைவிக்குப் போட்டார். சலவைப் பிரிவில் போன் கூடாது. அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தெரிந்தும் மூன்று தடவை போட்டார்.

"என்ன ஆச்சு மாஸ்டர்? மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு."

பதில் சொல்ல நேரம் இல்லை. செருப்பை மாட்டினாரா இல்லையா என்றே தெரியாமல் தெருவில் இறங்கியிருந்தார். கழுத்தில் டேப் தொங்கியது. கண்ணாடி கட்டிங் மேசையிலேயே கிடந்தது. அது பஸ்ஸில் ஏறியபிறகுதான் தெரிந்தது. போன் திரையில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதாகத் தெரிந்தது. செய்தி தட்டலாம் என்றால் எதைத் தட்டுவது? சரி, பேசியே அனுப்புவோம் என்று தடவித் தடவி மைக்கை அமுக்கினார்.

பயம் வந்தால் சிலருக்குக் குரல் எழும்பாது. மாஸ்டருக்குப் பயமும் கோபமும் ஒரே வழியாகத்தான் வெளியே வரும்.

"ஏய்! எத்தனை தடவை கூப்பிடறது? போன் எதுக்கு வாங்கிக் குடுத்தேன், பூட்டி வைக்கவா? எங்க இருக்க நீ? சைக்கிள் எங்க?" பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு மூச்சு முட்டியது. எச்சிலை விழுங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். "ரேக்குல மாட்டாதே. கேட்குதா? அந்த ரேக்கைத் தொடவே தொடாதே. கரண்ட் இருக்கு அதுல. சைக்கிளை வெளியவே போட்டுட்டு நில்லு. நான் வந்துக்கிட்டே இருக்கேன். தொடாதே கண்ணு."

அனுப்பிவிட்டுத் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவள் கேட்டாளா இல்லையா என்று அந்த மங்கலில் ஒன்றும் புரியவில்லை. பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் நீட்டினார். "கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா. கேட்டுட்டாளா?"

"தெரியலைங்க. போய்ச் சேர்ந்திருக்கு, அவ்வளவுதான் காட்டுது."

பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது. நின்றால் நின்றதுதான். மழையில் நனைந்த வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன. மாஸ்டர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "எப்பங்க எடுப்பீங்க?" என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர் முன்னால் தெரிந்த கூட்டத்தைக் காட்டி, "பறந்து போற பஸ் இன்னும் வரலை சார்" என்றார். வேறு நாளாக இருந்தால் அந்தப் பதிலுக்கு ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கும். மாஸ்டர் கதவைத் தட்டித் திறக்கச் சொல்லி இறங்கி ஓட ஆரம்பித்தார்.

உட்கார்ந்தே தொழில் செய்கிற உடம்பு அது. பாலத்தைத் தாண்டுவதற்குள் விலாவில் பிடித்துக்கொண்டது. ஒரு செருப்பு அறுந்தது. இன்னொன்றையும் உதறிவிட்டு ஓடினார். ஓடும்போது மனசு சும்மா இருக்கிறதா? அது அவருக்கு முன்னால் ஓடி வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து பார்த்தது. நடையில் சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வேண்டாம் என்று தலையை உதறினார். மறுபடியும் அதே கதவு, அதே நடை. ஒவ்வொரு திருகாணியையும் எவ்வளவு ஆசையாக முறுக்கினோம் என்பது கைக்கு நினைவிருந்தது. இன்னொருவன் செய்திருந்தால் அவனைக் கழுத்தைப் பிடித்திருக்கலாம். இது அவரே செய்தது. தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டார். சொன்ன பேச்சைக் கேட்காத பெண்ணாக இன்று ஒரு நாள் அவள் இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அப்படி எந்தத் தகப்பன் வேண்டியிருப்பான்?

பின்னாலிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் வந்தது. அவரைத் தாண்டி, அவர் போகிற திசையிலேயே போனது. மாஸ்டர் நின்றுவிட்டார். ஒரு கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டு அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தார். அவருடைய தெருவைத் தாண்டி நேரே போய்விட்டது. யார் வீட்டுக்கோ போகிறது, போகட்டும் என்று நினைத்தார். நினைத்ததற்கு வெட்கப்படவும் தெம்பில்லை.

தெருமுனையில் போன் மணி அடித்தது. குட்டி என்று நினைத்துப் பாய்ந்து எடுத்தார். காஜா அக்கா.

"மாஸ்டர், கண்ணாடியை விட்டுட்டுப் போயிட்டீங்க. வீட்டுல ஏதாச்சும்..."

"வெச்சிடுங்கக்கா! அவ கூப்பிடுவா, லைனை விடுங்க!"

அவள் கூப்பிடவில்லை.

கட்டட வாசலில் ஈரமான சக்கரத் தடம் இருந்தது. தெருச்சேறு படிகளில் ஏறி மேலே போயிருந்தது. வந்துவிட்டாள். மாஸ்டர் கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறினார். கூப்பிட வேண்டும், படியிலிருந்தே கத்த வேண்டும். கடைத்தெருவையே நடுங்க வைக்கிற குரல் அன்று தொண்டையிலேயே செத்துக் கிடந்தது. காற்றுதான் வந்தது.

கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை. மழை இருட்டில் நடை கிணறு மாதிரி கறுத்துக் கிடந்தது. குட்டி எப்போதும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவாள், இருட்டென்றால் அவளுக்குப் பயம். அவருக்குத் தெரிந்த குட்டி அதுதான். விளக்கு ஏன் எரியவில்லை? ஃபியூஸ் போயிருந்தால் ஏன் போயிற்று?

உள்ளே காலை வைத்தார். தரையெல்லாம் தண்ணீர். இருட்டுக்குள்ளிருந்து இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தது.

"குட்டி!"

கை தானாகப் போயிற்று. எத்தனையோ வருஷமாக வீட்டுக்குள் நுழைந்ததும் போகிற இடத்துக்கே போயிற்று. பார்க்க வேண்டும், அவளை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். விரல் ஸ்விட்சைத் தொட்டது.

"லைட் போடாதீங்கப்பா!"

அவள் அப்படிக் கத்தி அவர் கேட்டதே இல்லை. அந்தப் பெண்ணுக்குள் அவருடைய குரலே இருந்திருக்கிறது. விரல் நின்றது. கொஞ்சம் அழுத்தியிருந்தால் போதும். ஆனால் நின்றுவிட்டது.

"போடாதீங்க. கையை எடுங்க. எடுங்கப்பா!"

எடுத்தார். இருட்டு கண்ணுக்குப் பழகியபோது அவள் தெரிந்தாள். சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முன்சக்கரத்தின் விளிம்பு கொக்கியில் பாதி ஏறியிருந்தது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வெறுங்கால். அவள் காலடியிலேயே தண்ணீர் தேங்கி நின்றது.

"இறக்கு" என்றார். கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "மெதுவா. கீழ இறக்கிடு. போதும்."

அவள் இறக்கினாள். சைக்கிள் சுவரில் சாய்ந்தது. மாஸ்டர் வெளியே போய், படிக்கட்டுப் பக்கத்தில் இருந்த மெயின் ஸ்விட்சைத் தேடிப் பிடித்துக் கீழே தள்ளினார். உள்ளே ஃபிரிட்ஜின் ஓசை நின்றது. திரும்பி வந்து அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார்.

"என்னப்பா? உடம்பு சரியில்லையா?"

"எதுக்கு லைட் போட வேணாம்னு சொன்ன?"

அவள் சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு கண்ணு. சத்தம் போட மாட்டேன்."

"லைட் எரியும்போதுதான்பா அது சுர்ருங்கும்" என்றாள். "அணைச்சிருந்தா ஒண்ணும் பண்ணாது. தொட்டாலும் ஒண்ணும் தெரியாது."

அதைப் புரிந்துகொள்ள மாஸ்டருக்குச் சற்று நேரம் பிடித்தது. விளக்குக்குப் போகிற ஒயரைத்தான் ஆணி குத்தியிருக்கிறது. ஸ்விட்சைப் போட்டால்தான் அதில் உயிர் வரும். அவள் ஈரத்தில் நின்று, ஈரக் கையோடு இரும்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அதற்கு உயிர் கொடுக்கத்தான் அவர் விரல் போயிருக்கிறது. இவ்வளவு தூரம் உயிரை விட்டு ஓடி வந்தது அதற்குத்தான். அந்த விரலை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இதெல்லாம் உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மாட்டின மறுநாளே. அம்மாகிட்ட சொன்னேன். அதுக்கப்புறம் இருட்டுலதான் மாட்டறது. உங்களுக்குத் தெரியாம ஒரு நாள் ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணிடலாம்னு அம்மா சொன்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வி என்று அவருக்கே தெரிந்தது. அவள் சட்டையின் நுனியைப் பிழிந்துகொண்டு நின்றாள். தண்ணீர் தரையில் சொட்டியது.

"நான் அனுப்பின மெசேஜைக் கேட்கலையா நீ? தொடாதேன்னு சொன்னேனே."

"கேட்டேம்பா. இப்பதான் வாசல்ல நின்னு போட்டேன். ஆரம்பத்துலயே திட்டினீங்க. சைக்கிள் எங்கன்னு கேட்டீங்க." அவள் குரல் உடைந்தது. "அதோட நிறுத்திட்டேன். ஈரமா இருக்கே, காய்ஞ்சதும் மாட்டிக்கலாம்னு சாய்ச்சு வெச்சிருந்தேன். நீங்க கோவமா வர்றீங்கன்னு... அதான் வர்றதுக்குள்ள மாட்டிடலாம்னு..."

சாய்த்துத்தான் வைத்திருந்திருக்கிறாள். அவர் வேண்டிக்கொண்டபடியே சொன்ன பேச்சைக் கேட்காமல் இருந்திருக்கிறாள். அவருடைய குரல்தான் பஸ்ஸை முந்திக்கொண்டு வந்து, அவள் கையில் மறுபடியும் சைக்கிளைக் கொடுத்திருக்கிறது.

மாஸ்டருக்கு அழுகை வந்தது. அவளை இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எழுந்து கையை நீட்டினார். என்ன வருகிறது என்று தெரியாமல் அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். ஒரு கணம்தான். பிறகு அவளே பக்கத்தில் வந்து, நனைந்த தலையை அவர் நெஞ்சில் சாய்த்தாள். அந்த ஒரு கணம் போதும், அவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். அவள் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. களைத்த நடை. வாசலில் குடையை மடக்கி உதறும் ஓசை வந்தது. மனைவி கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தாள். இருட்டில் அவருடைய உருவம் அவளுக்குத் தெரியவில்லை. அவள் ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. வாசற்படியிலேயே நின்று, பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டாள்.

"குட்டி, மாட்டிட்டியாடி? அப்பா வர்ற நேரம். மாட்டிட்டுச் சொல்லு, லைட்டைப் போடறேன்."

குட்டி அவர் நெஞ்சிலிருந்து தலையை எடுத்தாள். அம்மாவை எச்சரிக்கலாமா, வேண்டாமா என்று அவள் உடம்பு விறைத்ததை மாஸ்டர் கையில் உணர்ந்தார்.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றார். தன்னால் முடிந்த அளவு மெதுவாகத்தான் சொன்னார்.

வாசலில் குடை கீழே விழுந்தது. பிறகு அவசர அவசரமாக அவள் குரல் வந்தது.

"வந்துட்டீங்களா? ஒண்ணும் இல்லைங்க, சும்மாதான் கேட்டேன். ரேக்குல ஒரு குறையும் இல்லைங்க. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."